சார்ஜரைக் கழற்றிவிட்டுக் காட்டுங்கள்

ஜூன் 3, திங்கள்

கல்யாணராமன் சார் இன்று என்னிடம் மிக அன்பாகப் பேசினார். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். எனக்குத் தண்ணீர் அளவு உண்டு என்பதை நினைவு வைத்துக்கொண்டு, "மங்கைக்கு அரை கப் போதும்" என்று அவரே சொன்னார். பிறகு பெரம்பலூர் மாணவியர் விடுதி வேலையை என் ஜூனியர் ரிஸ்வானிடம் கொடுத்துவிடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார்.

"நீ வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி. மீதி மூணு நாள்ல நாலு மாடிக் கட்டடத்துக்கு டிசைன் போட முடியுமாம்மா? ஒரு ஆறு மாசம் ரெஸ்ட் எடு. உன் சீட் எங்கயும் போயிடாது."

பன்னிரண்டு வருடமாக இந்தத் தில்லைநகர் ஆபீசில் கட்டடங்களுக்கு எலும்புக்கூடு போடுகிறேன். தூண், உத்தரம், அஸ்திவாரம் எல்லாம் நான் கணக்குப் போட்ட பிறகுதான் மண்ணில் இறங்கும். ஆறு மாத ரெஸ்ட் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சீட் எங்கேயும் போகாது. நான்தான் போவேன்.

"டயாலிசிஸ் நாள்லயும் செய்யறேன் சார்" என்றேன்.

"எப்படி? அங்க படுத்துக்கிட்டா?"

"படுத்துக்கிட்டுதான்."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரை வெளியே தர முடியாது, சாப்ட்வேருக்கு லைசென்ஸ் மட்டும் தருகிறேன், மாதக் கடைசிக்குள் அஸ்திவாரப் படங்கள் வந்தால் விடுதி உன்னுடையது என்றார்.

ஆக, எனக்கு ஒரு லேப்டாப் வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி போட்டு டேப் ஒட்டி முடித்ததும் டெக்னீஷியன் டெல்பினிடம் கேட்டேன்: "இங்க லேப்டாப் சார்ஜ் போட ஒரு பிளக் கிடைக்குமா?"

"கேக்கவே கேக்காதீங்க அக்கா. ஒவ்வொரு பெட்டுக்கும் இருக்கற லைன் மிஷினுக்கு மட்டும். போன வருஷம் ஒருத்தர் போன் சார்ஜ் போட்டு டிரிப் ஆகி, நான் வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு."

நான்கு மணி நேரம். மிஷினில் ஏற்றுவது இறக்குவது சேர்த்தால் ஐந்து. அத்தனை நேரமும் பேட்டரி தாங்க வேண்டும். கட்டடத்தின் மாடலைத் திறக்கும் அளவுக்கு வேகமும் வேண்டும். இடது கையில் கனம் தூக்கக் கூடாது என்பதால் ஒற்றைக் கையால் தூக்கும் எடையிலும் இருக்க வேண்டும்.

பக்கத்து பெட் சிக்கந்தர் பாய், முன்பு லாரி டிரைவர், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "மைலேஜும் வேணும், பிக்கப்பும் வேணும்ங்கற. ரெண்டும் ஒரே வண்டியில வராது தாயி."

பார்க்கலாம்.

ஜூன் 5, புதன்

ரிஸ்வானிடமே கேட்டேன். என் வேலை யார் கைக்குப் போக இருந்ததோ அவனிடமே. அவன் இதைப் பற்றிச் சங்கடப்பட்டான். நான் படவில்லை.

பிராசசரின் பெயரில் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொன்னான். எச் என்றால் வேகக்காரன், மின்சாரத்தைக் குடிப்பான். யூ என்றால் சிக்கனக்காரன். எச் குடிப்பதில் மூன்றில் ஒரு பங்கை வைத்தே காலம் தள்ளுவான், ஆனால் பெரிய கணக்கு கொடுத்தால் மூச்சு வாங்குவான்.

"எச் வாங்குங்கக்கா. அனலிசிஸ் பறக்கும்."

"எவ்ளோ நேரம் பறக்கும்?"

"பிளக்ல இருந்தா நாள் பூரா."

"பிளக் இல்லன்னா?"

யோசித்தான். "அத நான் பாத்ததில்லக்கா. நான் எப்பவும் பிளக்லதான் இருக்கேன்."

நல்ல பையன். பொய் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 6, வியாழன்

இரண்டாவது மணியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனிடம் லேப்டாப் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அப்பா போன பிறகு நான் அண்ணனோடும் அண்ணியோடும்தான் இருக்கிறேன். அண்ணனுக்குத் துவாக்குடியில் இரும்புப் பட்டறை. அவனுக்கு எல்லாமே மோட்டார்தான்.

"எதுக்கு யோசிக்கற? இருக்கறதுலயே பெரிய ஹெச்பி எதுவோ அத எடு. சின்ன மோட்டார வாங்கிட்டு அப்புறம் லோடு இழுக்கலன்னு அழக் கூடாது."

"இது மோட்டார் இல்லண்ணே."

"எல்லாம் மோட்டார்தான்."

ஞாயிற்றுக்கிழமை நானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குகிறேன் என்றேன். தலையாட்டினான். சட்டைக் கையை மடிக்காமலே சாப்பிட்டான். மோர் ஊற்றக் கை நீட்டியபோது முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது தெரிந்தது. பட்டறையில் கீறியிருக்கும்.

ஜூன் 8, சனி

டயாலிசிஸ் முடிந்து கூட்டிப்போக அண்ணன் வரவில்லை. அண்ணி வந்தார். அவசர ஆர்டராம். சாயங்காலம் அண்ணன் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடித்தான். வயிறு சரியில்லையாம்.

ஜூன் 9, ஞாயிறு

கடைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தான்.

"இந்தா. கடையிலயே இதுக்கு மேல கிடையாதுன்னான்."

பெட்டியைப் பிரித்தேன். எச். கறுப்பாக, கனமாக, விசைப்பலகை முழுதும் திருவிழா மாதிரி கலர் விளக்கு. அதன் சார்ஜரே ஒரு செங்கல் அளவு இருந்தது.

"நானே பாத்து வாங்கறேன்னு சொன்னேனே."

"நீ எதுக்கு வெயில்ல அலையணும்? எனக்குத் தெரியாதா உனக்கு என்ன வேணும்னு?"

தெரியாது. ஆனால் அவன் முகம் அப்படி ஒரு எதிர்பார்ப்போடு இருந்தது. ஆறாம் வகுப்பில் எனக்கு முதல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கு இருந்த மாதிரி. விடுதியின் மாடலை ஏற்றி, பிளக்கில் போட்டு, கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்கிடும் அனலிசிஸை ஓட்டினேன். ரிஸ்வான் சொன்னது சரி. அண்ணி தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் முடிந்துவிட்டது.

"பாத்தியா?" என்றான் அண்ணன்.

"செவ்வாக்கிழமை பாக்கறேன்" என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று நடந்ததை விவரமாக எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு வாதாட உதவும்.

வலது தோளில் பையை மாட்டிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கி மாடிக்குப் போவதற்குள்ளேயே தோள் விட்டுப்போயிற்று. டெல்பின் ஊசி போட்டதும் தொடையில் தலையணை வைத்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்தேன். வலது கையில் பிபி பட்டை. அது அவ்வப்போது கையை இறுக்கும். அப்போது மட்டும் வேலை நிற்கும். அதற்கு நான் தயாராகத்தான் வந்தேன். மற்றவற்றுக்குத்தான் இல்லை.

மாடலைத் திறந்ததும் உள்ளே காற்றாடி சுழன்றது. பத்து பெட் உள்ள அறை முழுக்கக் கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி கண் திறந்து ஏசியைப் பார்த்தார். சிக்கந்தர் பாய், "என்ன தாயி, ப்ளேன் ஏறுதா?" என்றார். தலையணையைத் தாண்டித் தொடை சுட்டது.

முக்கியமானது இதுதான்: பேட்டரியில் அது வேகக்காரனே இல்லை. தோசை திருப்பும் நேரத்தில் முடிந்த அதே அனலிசிஸ் நகரவே மறுத்தது. சார்ஜர் இல்லை என்று தெரிந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டது. அப்படிக் குறைத்தும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆகுமுன்னே திரை இருண்டது. பாதி மாற்றிய மாடல் சேமிக்கப்படவில்லை.

அதன் பிறகு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அறையின் உத்தரத்தை.

"வீட்லயே வெச்சு வேலை பாக்கலாமே அக்கா. இங்க வந்தா கொஞ்சம் கண்ண மூடுங்களேன்" என்றாள் டெல்பின்.

வாரத்தில் மூன்று நாள் கண்ணை மூடினால் மற்ற நாளும் மூடச் சொல்வார்கள். அவளிடம் அதைச் சொல்லவில்லை. "அடுத்த தடவ சத்தம் வராது" என்றேன்.

ஜூன் 12, புதன்

காலையில் அண்ணனிடம் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். மிஷின் நல்ல மிஷின், என் இடத்துக்கு ஆகாது, கடையில் மாற்றிக்கொள்கிறேன் என்று.

தட்டைத் தள்ளினான். "நான் எது குடுத்தாலும் உனக்கு ஆகாது, இல்ல?"

"அண்ணே, பேட்டரி..."

"பேட்டரி, பேட்டரி! ஊர்ல இல்லாதத வாங்கிட்டு வந்து குடுத்தா குத்தம் கண்டுபிடிக்கற. உன்ன யாரு அங்க படுத்துக்கிட்டு வேலை பாக்கச் சொன்னா? நான் சோறு போட மாட்டேனா?"

"சோத்துக்காக நான் வேலை பாக்கல."

"பின்ன எதுக்கு?"

"நான் இஞ்சினியர். அதுக்கு."

சாப்பிடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணி வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மங்கை, அவர் சொல்லக் கூடாதுன்னாரு. ஆனா நீ அவர தப்பா நினைச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. அவர் உனக்குக் கிட்னி குடுக்கலாம்னு டெஸ்ட்டுக்குப் போனாரு. உங்கிட்ட சொன்னா வேணாம்பேன்னு சொல்லாம போனாரு. ரத்தத்துல சர்க்கரை ஏகத்துக்கு இருக்குன்னு போன சனிக்கிழமை சொல்லிட்டாங்க. குடுக்கவே முடியாதாம். ஆஸ்பத்திரி வாசல்லயே உக்காந்துட்டாரு. மறுநாள் காலையில எந்திரிச்சு நேரா கடைக்குப் போயி இத தூக்கிட்டு வந்தாரு."

தட்டில் ஆறிப்போயிருந்த இட்லியை எடுத்து மூடிவைத்தேன்.

பட்டறையில் கீறினால் பஞ்சை ஊசி குத்தும் இடத்தில் ஒட்ட மாட்டார்கள். அது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். வாரத்தில் மூன்று நாள் ஊசி பார்க்கிறவள் நான்.

ஜூன் 13, வியாழன்

போனில் படங்களைப் பார்த்துத் திருத்தம் குறித்துக்கொண்டேன். கண் வலித்தது. அண்ணன்தான் கூட்டிப்போக வந்தான். வழியெல்லாம் இருவரும் டிராபிக்கைப் பற்றிப் பேசினோம்.

ஜூன் 14, வெள்ளி

யோசித்தேன். அதையே வைத்துக்கொண்டால் அண்ணன் மனம் ஆறும். வீட்டில் ஓட்டலாம், டயாலிசிஸ் நாள்களில் படுத்திருக்கலாம். எல்லோருக்கும் நிம்மதி. பெரம்பலூர் விடுதி ரிஸ்வானுக்குப் போகும்.

மதியம் ஆபீசில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, மாற்றி வாங்க அண்ணன் வாங்கிய கடைக்கே போனேன்.

கடைப் பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். இடது கையில் புடைத்திருக்கும் நரம்பைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். அது எனக்குப் பிடிக்காது.

"மேடம், இதவிட பவர்புல் எங்ககிட்ட இல்லயே. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

"நான் கேக்கல. யூ காட்டுங்க."

"அது வேர்டு, ஈமெயில் பாக்கறவங்களுக்கு மேடம். உங்க இஞ்சினியரிங் வேலைக்கு இழுக்காது."

"இழுக்குதான்னு நான் பாத்துக்கறேன்."

மேஜையில் வரிசையாக வைத்திருந்த எல்லா லேப்டாப்பும் சார்ஜரோடு கட்டியிருந்தன. பேட்டரி பன்னிரண்டு மணி நேரம், பதினைந்து மணி நேரம் என்று ஸ்டிக்கர்.

"சார்ஜரக் கழட்டிட்டுக் காட்டுங்க."

"டெமோ பீஸ் மேடம், கழட்டக் கூடாது."

"எல்லாமே பிளக்ல இருந்தா எல்லாமே நல்லாத்தான் ஓடும். நான் பிளக் இல்லாத எடத்துல வேலை பாக்கறவ. கழட்டிட்டுக் காட்டுனா இன்னிக்கே எடுத்துக்கறேன். இல்லன்னா இந்தப் பெட்டிய இங்கயே வெச்சிட்டு உக்காந்துடுவேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தும்விட்டேன். மேனேஜர் வந்தார். அவரே கழற்றினார்.

மூன்றை ஓட்டிப் பார்த்தேன். சாப்ட்வேரை ஏற்றி, விடுதி மாடலைத் திறந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, தூண்களை நகர்த்தி, அனலிசிஸ் ஓட்டி. முதலாவது மாடலைத் திறக்கவே திணறியது. இரண்டாவது நன்றாக ஓடியது, ஆனால் அண்ணன் வாங்கியதுபோலவே காற்றாடி இரைந்தது. மூன்றாவது யூ. படம் வரைவதில் குறையே இல்லை. மாடலைத் திருப்பினால் சொன்னபடி திரும்பியது. அனலிசிஸ் மட்டும் மெதுவாகப் போனது. நான் கடையைச் சுற்றி வந்து, மேனேஜர் இரண்டு பேருக்குப் பில் போட்டு முடித்த பிறகுதான் முடிந்தது. ஆனால் முடிந்தது. பேட்டரிக் கோடு கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. சத்தமே இல்லை. வலது கையால் தூக்கினேன். தூக்க முடிந்தது.

மெதுவான கணக்கை வீட்டில் பிளக்கில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம். மற்றதெல்லாம் மனிதன் யோசித்து வரைவது. என் யோசனையைவிட எந்தப் பிராசசரும் மெதுவாக இல்லை.

"இதுவா மேடம்? நிச்சயமா?" என்றான் பையன்.

"இதுதான்."

ஜூன் 15, சனி

என்னை மிஷினில் ஏற்றியதிலிருந்து இறக்கும்வரை புது லேப்டாப் ஓடியது. மூன்றாவது மணியில் பிபி இறங்கி வாந்தி எடுத்தேன். டெல்பின் காலைத் தூக்கிவைத்து உப்புநீர் ஏற்றினாள். கண் தெளிந்து பார்த்தபோது திரையில் என் மாடல் விட்ட இடத்தில் நின்றது. மறுபடி தொடங்கினேன்.

சிக்கந்தர் பாய், "உடம்பும் ஒரு பேட்டரிதான் தாயி..." என்று ஆரம்பித்தார்.

"பாய், அது மட்டும் வேணாம்" என்றேன். சிரித்துவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

புது லேப்டாப்பைப் பார்த்தும் அண்ணன் எதுவும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவனிடம் போனேன்.

"மாத்திரை போட்டியா?"

திரும்பவில்லை. "என்ன மாத்திரை?"

"சுகர் மாத்திரை."

கையிலிருந்த வேட்டியைக் கொடியில் போட்டான். இழுத்துச் சரிசெய்தான். மறுபடி இழுத்தான்.

"அவ சொல்லிட்டாளா?"

"பஞ்ச நானே பாத்தேன்."

"ஒண்ணுதான மங்கை கேட்டாங்க. ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு. அதுகூட எங்கிட்ட..." முடிக்கவில்லை. முகத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

நானும் அழுதால் இன்றைக்கு யாரும் எதுவும் பேசியிருக்க முடியாது.

"உனக்குச் சுகர் இருக்கறதே இப்பத்தான் தெரிஞ்சுது. தெரியாமயே இருந்தா நாளைக்கு நீ என் பக்கத்து பெட்ல. அண்ணி ரெண்டு பேருக்கும் டிபன் தூக்கிட்டு அலையணும். ஒழுங்கா மாத்திரைய போடு."

"உனக்கு ஒண்ணும் குடுக்க முடியலயே."

"குடுக்கறதா இருந்தா கேட்டுட்டுக் குடு. நீயே முடிவு பண்ணி நீயே வாங்கிட்டு வந்து, நான் சந்தோஷப்படலன்னு கோச்சுக்கற. என்ன வேணும்னு ஒரு தடவ கேட்டியா?"

கேட்பதற்குக் கஷ்டப்பட்டான். கடைசியில் கேட்டான்: "என்ன வேணும்?"

"ஸ்டாண்டு. பெட்டுக்கு மேல நீட்டி நிக்கணும். தலையணையில வெச்சா ஆடுது. வலது கைக்குத் தோதா, உயரம் ஏத்தி இறக்கற மாதிரி. லேசா இருக்கணும், கனம் கூடாது."

"சக்கரம்?"

"வேணும். லாக் வெச்சது."

வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டு டேப் எடுக்கக் கீழே போனான்.

ஜூன் 20, வியாழன்

அண்ணனின் ஸ்டாண்டு. யானையையே நிறுத்தலாம். திருப்பி அனுப்பினேன். இந்த முறை கோபிக்கவில்லை. "எத்தன இஞ்ச் பைப்?" என்று மட்டும் கேட்டான்.

ஜூன் 22, சனி

மெலிந்து வந்தது. டெல்பின், "இதே மாதிரி எங்களுக்கு நாலு செஞ்சு தருவாரா?" என்று கேட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

மோசமான நாள். படிக்கட்டு இடம் மாறிவிட்டது என்று பெரம்பலூரிலிருந்து காலையில் செய்தி. உடனே மறுகணக்கு வேண்டும். பெட்டிலேயே முழு அனலிசிஸை ஓட்டினேன். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரிக் கோடு கண்ணெதிரே சரிந்தது. அந்த எச் இப்போது ஒரு பிளக்கோடு இருந்தால் என்று நினைத்தேன். நினைத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அண்ணனிடம் சொல்ல மாட்டேன்.

பாதியில் நிறுத்தினேன். படிக்கட்டைச் சுற்றியுள்ள தூண்களை மட்டும் தனியாகப் பிரித்து, அந்தத் துண்டை மட்டும் ஓட்டினேன். முழுக் கட்டடத்தை வீட்டுக்குப் போய்ப் பிளக்கில் போட்டேன். இரண்டு விடையும் ஒத்துப்போயின.

ஜூன் 28, வெள்ளி

அஸ்திவாரப் படங்கள் எல்லாவற்றையும் சாரின் மேஜையில் வைத்தேன். ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒரே ஒரு இடத்தில் கம்பி இடைவெளியைக் கேட்டார். சொன்னேன்.

"நல்லா வந்துருக்கும்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, விடுதி உன்னுது. அடுத்த ப்ராஜெக்ட்ட உன் உடம்பப் பொறுத்து யோசிக்கலாம்."

"யோசிக்கலாம் சார். நான் இருக்கறப்ப யோசிக்கலாம். நான் இல்லாதப்ப வேணாம்."

டீ வரவழைத்தார். எனக்கு எவ்வளவு என்று இந்த முறை என்னைக் கேட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

டயாலிசிஸ். இரண்டாவது மணி. போன் அடித்தது. பெரம்பலூர் சைட் மேஸ்திரி அழகுமலை. நான் இதுவரை நேரில் பார்க்காதவர்.

"மேடம், மூணாவது வரிசையில குழி தோண்டுனா பாறை வந்துருச்சு. படத்துல போட்ட ஆழத்துக்கு எறங்க முடியல. கான்கிரீட் வண்டிய வரச் சொல்லவா, வேணாமா?"

"வண்டிய நிறுத்துங்க. பாறை குழி முழுக்க இருக்கா, ஒரு ஓரமா மட்டும் இருக்கா?"

"முழுக்க மாதிரிதான் இருக்கு."

"மாதிரி வேணாம். கடப்பாரையால நாலு மூலையிலயும் தட்டிப் பாருங்க. ஒரே சத்தம் வருதா கேளுங்க. போட்டோ அனுப்புங்க."

ஒற்றைக் கையால் மாடலைத் திறந்து அந்தத் தூணுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து என் மிஷின் அலாரம் அடித்தது. டெல்பின் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள்.

"என்ன மேடம் சத்தம்? பேங்க்ல இருக்கீங்களா?"

"ஆஸ்பத்திரியில. என் ரத்தம் மிஷின்ல சுத்திட்டு வருது. நீங்க சொல்லுங்க, தட்டினீங்களா?"

அடுத்து வருவது ஐயோ பாவமாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"மூணு மூலை கணீர்னு இருக்கு மேடம். கெழக்கு மூலை மட்டும் பொத்துனு இருக்கு."

"அப்ப கெழக்கு மூலையில தொடர்ந்து தோண்டுங்க, பாறை தட்டுறவரைக்கும். மத்த எடத்துல பாறை மேலயே நிறுத்திடலாம், ஒடைக்காதீங்க. சுத்தமாக் கழுவி வைங்க. மாத்தின படம் சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேன். அது வர்றவரைக்கும் கான்கிரீட் கூடாது."

"சரி மேடம். இன்னும் ரெண்டு குழி பாக்கி. அதுலயும் பாறை வந்தா கூப்பிடட்டுமா? லைன்ல இருப்பீங்களா?"

பிபி பட்டை வலது கையை இறுக்கத் தொடங்கியது. விடும்வரை காத்திருந்தேன்.

"இருப்பேன்," என்றேன். "தோண்டுங்க."